ஏழாம் எண் படம்

ஆறாவது படத்துக்குக் குண்டூசி குத்திவிட்டு ஏழாவதைக் கையில் எடுத்தான். அதைப் பலகையில் குத்தாமல் அவன் உற்றுப் பார்த்தான்.

கறுப்பு வெள்ளைப் படம். ஒரு பெண்ணின் இடது கை மட்டும், முழங்கையிலிருந்து விரல்நுனி வரை. மடியில் மல்லாந்து கிடக்கும் உள்ளங்கையில் ஒரு கைபேசி. திரை அணைந்திருக்கிறது. மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம். அதன் முகம் கீழ்ப்பக்கம் போய்விட்டதால் மணி தெரியவில்லை. தோல் பட்டையும் கொக்கியும்தான் தெரிகின்றன. பட்டையில் ஒரே வரிசையில் ஐந்து துளைகள். ஆறாவது துளை மட்டும் வரிசையை விட்டு விலகி, கோணலாக, விளிம்பு கருகி இருக்கிறது. கொக்கி அதில்தான் மாட்டியிருக்கிறது.

அந்தத் துளையைப் போட்டவர் அவனுடைய மாமனார். அவன் கடிகாரத்தை மனைவி பிடுங்கித் தன் கையில் கட்டிக்கொண்ட அன்று, பட்டை தொளதொளவென்று தொங்கவும், அவர் அடுப்பில் ஓர் ஆணியைப் பழுக்கக் காய்ச்சிக் கொண்டுவந்து குத்தினார். கை கொஞ்சம் தவறிவிட்டது. "பரவால்லப்பா. தொலைஞ்சு போனா அடையாளம் சொல்ல வசதி" என்று அவள் சிரித்தாள்.

இப்போது அடையாளம் தெரிந்துவிட்டது. அவள் இறந்து போன இந்த ஒன்பது மாதமாக அவனுக்கு எதுவுமே உறைத்ததில்லை. பசி, தூக்கம், அழுகை எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பவை போல இருந்தன. திடமாக இருக்கிறான் என்று ஊர் சொன்னது. போனவற்றில் எது முதலில் திரும்பி வரும் என்று அவன் யோசித்துப் பார்த்ததில்லை. பயம்தான் முதலில் வந்தது.

கல்லூரியில் அந்த வகுப்புக்குப் 'படமும் எழுத்தும்' என்று பெயர். பழைய ஓவியக் கூடத்தை இரண்டாகத் தடுத்து, ஒரு பக்கம் படம் கழுவும் இருட்டறை, இன்னொரு பக்கம் நீண்ட மேசையும் சுவர் நிறையப் பலகையும். இரண்டு ஆசிரியர்கள். படம் எடுக்கச் சொல்லித்தருபவர் கேமரா மேடம். நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லித்தருபவன் இவன். மாணவர்களுக்கு எழுத்து சார். பருவத்தின் கடைசி வாரத்துக்கு என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை படங்கள் சுவருக்கு ஏறும், எண்களோடு மட்டும். ஒவ்வொரு படத்துக்கும் எழுதியது அதே எண் போட்ட உறையில் ஒட்டப்பட்டு மேடத்தின் பீரோவில் இருக்கும். ஆசிரியர்கள்கூட அதைப் படிப்பதில்லை. புதன்கிழமை வெளியாட்களும் வருவார்கள். முதல் பத்து நிமிடம் யாரும் வாய் திறக்காமல் படங்களைப் பார்க்க வேண்டும். பிறகு உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிப்பார்கள். எழுதியவர் வாசிக்கக் கூடாது. எழுதியவர் வாசித்தால் ஓட்டைகளைக் குரலால் அடைத்துவிடுவார் என்பது அவன் சொன்ன காரணம்.

எழுதுவதற்கான விதிகளும் அவனுடையவைதான். அனுமதி வாங்காமல் யார் முகத்தையும் காட்டாதே. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, அவ்வளவுதான். 'அவர் நினைத்திருப்பார்' என்று தொடங்கும் வரி செத்த வரி. நான்கு வருடமாக இதைக் கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறான். ஆகவே ஏழாம் எண் உறைக்குள் இருப்பது ஊகமாக இருக்காது. அவன் மனைவி என்ன சொன்னாளோ அது அப்படியே இருக்கும். அப்படி எழுதப் பழக்கியவனே அவன்தான்.

"என்ன சார், முகம் நெகடிவ் மாதிரி இருக்கு?" இருட்டறையிலிருந்து கையைத் துடைத்தபடி கேமரா மேடம் வந்தார். ஐம்பது வயது, எல்லோரையும் பொருத்தமில்லாத வெளிச்சத்தில் நிற்பவர்களைப் போலவே பார்ப்பார்.

"ஒண்ணுமில்ல மேடம். இது யாரோடது?"

"நம்ம முயல் பொண்ணோடது. எடுத்து ஒம்பது மாசமாச்சாம். யாருக்கும் காட்டாம வெச்சிருந்த படத்தைக் கொண்டாங்கன்னுதானே இந்தத் தடவை கேட்டோம். ஆளாளுக்கு நாயும் பூனையும் கொண்டு வந்திருக்கு. இது ஒண்ணுதான் ஏதோ சொல்லுது." அவரே படத்தை வாங்கிக் குத்தினார். "உங்க மாமனார் வர்றார்ல? போன தடவை வராண்டாவுல நின்னு எட்டிப் பாத்துட்டு ஓடிட்டார். இந்தத் தடவை நானே போன் பண்ணிச் சொல்லிட்டேன். வரேன்னுட்டார்."

அவன் சுவரைப் பார்த்தான். கண்ணுக்கு நேர் உயரத்தில் குத்தியிருந்தார். அந்தத் துளையைப் போட்டவருக்கு அதைத் தெரிந்துகொள்ள ஒரு நொடி போதும்.

அந்த நாளைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. காலையில் மனைவி தலை வலிக்கிறது என்றாள். தூக்கம் பத்தவில்லை, ஒரு மாத்திரை போடு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். பத்து ஐம்பதுக்கு அவளுடைய அழைப்பில் கைபேசி மேசையில் அதிர்ந்தது. ஒரு மாணவன் எழுதியதை அவன் உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். வகுப்பில் போன் அடித்தால் வெளியே போய்விட வேண்டும் என்பது அவன் போட்ட சட்டம். அத்தனை பேருக்கு முன்னால் எடுக்க முடியவில்லை. துண்டித்தான். பத்து ஐம்பத்தைந்து. துண்டித்தான். பதினொன்று ஐந்து. துண்டித்துவிட்டு அணைத்தே வைத்தான். இடைவேளையில் தேநீர் குடித்தான். யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்தான். பதினொன்றரைக்கு அடுத்த பிரிவுக்குக் கதவைச் சாத்தினான். மதியம் ஒரு மணிக்கு உயிர்ப்பித்தபோது, தெரியாத எண்ணிலிருந்து ஒன்பது அழைப்புகள் வந்ததாகக் குறுஞ்செய்தி. தனியாகப் போயிருந்த கிளினிக்கில் விழுந்தவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். அதன் பிறகு இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தாள்.

வலி ஆரம்பித்ததும் யாரிடமாவது சொன்னார்களா என்று டாக்டர் கேட்டார். மாமனார் பக்கத்தில் நின்றிருந்தார். "இல்லை" என்றான் அவன். ஒரு சொல். அதைத் திரும்ப எடுக்க அடுத்த ஒரு நிமிடம் வரை நேரம் இருந்தது. எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் நின்று அந்த மூன்று அழைப்புகளையும் தன் போனிலிருந்து அழித்தான், அவளுடையதிலிருந்தும் அழித்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவன் பீரோவைத் திறந்தான். சாவி எப்போதும் இருட்டறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். ஒளித்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் இதுவரை தோன்றியதில்லை. உறைகள் வரிசையாக நின்றன. ஏழாவதை உருவினான். உள்ளே இரண்டு தாள் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். வரிகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து கறுத்திருந்தன. படத்தை மாற்றச் சொல்லலாம். தெளிவில்லை, வேறு கொடு என்று. உறையைத் தொலைக்கலாம். தண்ணீர் கொட்டிவிட்டது எனலாம். இதையெல்லாம் வேறு யாரோ யோசிப்பதைப் போல யோசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. உறையை அதன் இடத்தில் செருகினான்.

முயல்தான். முன்பல் இரண்டும் சற்று நீளம். எதற்கும் திடுக்கிட்டு ஓடுவாள். முதல் வாரமே வகுப்பு வைத்த பெயர் அது. இப்போதும் ஓடுவதற்குத் தயாராக இருப்பவளைப் போலவே வாசற்படியில் நின்றாள். பீரோ திறந்திருப்பதை அவள் பார்த்ததாகத் தெரியவில்லை.

"சார், ஒண்ணு கேக்கலாமா? திட்டக் கூடாது."

"கேளு."

"ஏழாவது என்னோடது. அதை எடுத்துடட்டுமா சார்?"

நேற்றிலிருந்து அவன் எதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தவித்தானோ, அது தானாகவே நடந்து வந்து எதிரே நின்றது. "ஏன்?" என்று கேட்டான். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"பயமா இருக்கு சார்." அவள் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினாள். "எங்கம்மா அந்த கிளினிக்லதான் மருந்து கவுன்ட்டர்ல இருக்காங்க. சாப்பாட்டு டப்பா கொடுக்கப் போனேன். அப்போ 'காத்திருக்கிறவங்க'ன்னு மேடம் படம் கேட்டிருந்தாங்கல்ல? அந்தக்கா தனியா உக்காந்திருந்தாங்க. கையை மட்டும் எடுத்துக்கட்டுமான்னு கேட்டேன். 'கைல என்னம்மா இருக்கு, எடுத்துக்கோ'ன்னு சிரிச்சாங்க. யாருக்கோ போன் போட்டாங்க. மூணு தடவை. அந்தாளு எடுக்கவேயில்ல. கட் பண்ணிட்டே இருந்தான்."

"அதுக்கும் அந்தக்காவே சாக்கு சொல்லிக்கிட்டாங்க சார். 'பாவம், பிஸியா இருப்பாரு'ன்னு. என்கிட்டயா சொன்னாங்க, போன்கிட்ட சொன்னாங்களான்னு தெரியல. அப்புறம் என் கையைப் பிடிச்சாங்க. சில்லுன்னு இருந்துச்சு. 'எனக்கு என்னமோ பயமா இருக்கு, டாக்டர் கூப்பிடற வரைக்கும் கொஞ்சம் கூட இருக்கியா'ன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"க்ளாஸ் இருக்குக்கான்னேன்." அவள் நிமிரவில்லை. "பதினொண்ணரைக்கு நீங்க கதவை சாத்திடுவீங்க. ஏற்கெனவே ரெண்டு தடவை வெளிய நின்னாச்சு. 'சரிம்மா, போ, லேட்டாயிடும்'னு அவங்களே கையை விட்டுட்டாங்க. ஓடி வந்தேன். நீங்க கதவுல கை வெச்சுட்டீங்க. என்னைப் பாத்துட்டு, 'வா வா, இன்னிக்குத் தப்பிச்சே'ன்னீங்க. ஞாபகம் இருக்கா சார்?"

இருந்தது. அவளுக்காக ஒரு பாதம் அளவுக்குக் கதவைத் திறந்து பிடித்தது, உள்ளே எல்லோரும் சிரித்தது, அவளுக்கு மூச்சு வாங்கியது. சட்டைப் பையில் அணைத்து வைத்த போன் இருந்தது.

"சாயங்காலம் அம்மா வந்து சொன்னாங்க, ஒரு பொண்ணு நாற்காலியிலேர்ந்து அப்படியே சரிஞ்சு விழுந்துடுச்சுன்னு. யாரு, என்னாச்சு, எதுவும் தெரியல. நானும் கேக்கல. போன் எடுக்காத அந்த ஆள் மேல எனக்குக் கொலவெறி சார். ஆனா அவன் தூரத்துல இருந்தான். நான் கைக்கெட்டுற தூரத்துல இருந்தேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அவங்க வீட்டு ஆளுங்க யாருன்னு தெரிஞ்சா நான் போய்ச் சொல்லணுமா சார்? இல்ல, சொன்னா அவங்களுக்கு இன்னும் கஷ்டமா?"

அவளுக்குத் தெரியாது. அவன் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் இறந்தாள் என்பது மட்டும்தான் கல்லூரிக்குத் தெரியும். அது உறுதியானதும் அவனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'எடுத்துடு' என்ற சொல் நாக்கில் தயாராக இருந்தது; ஒரே சொல்தான். ஒற்றைச் சொல்லால் காரியம் முடிப்பதில் அவனுக்குப் பழக்கம் உண்டு.

"நீயே முடிவு பண்ணு" என்றான்.

ஆசிரியர் சொன்னால் அது பெருந்தன்மை போலத் தோன்றும். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். கோழைத்தனம் இவ்வளவு மரியாதையாகவும் நடந்துகொள்ளும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அன்று மாலை வீட்டில் மாமனார் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். மகள் போன பிறகு, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தார்; போகவில்லை. அவனும் போகச் சொல்லவில்லை. இரண்டு ஆண்கள், ஒரு சமையலறை. யார் உப்புப் போட்டார்கள் என்று தெரியாமல் இருவரும் போட்டுவிட்ட சாப்பாடு.

"நாளைக்கு வரணுமா மாமா? கூட்டமா இருக்கும்."

"நான் பாக்காத கூட்டமா? படிக்கட்டுல தொங்கறவனையெல்லாம் உள்ள தள்ளி ஓட்டுனவன்டா நான்." காலரைத் திருப்பிப் போட்டார். "நீ என்ன வேலை பாக்குறேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல மாப்ள. போட்டோவும் எடுக்கணும், கதையும் எழுதணுமா?"

"கதை இல்ல மாமா. நடந்ததை எழுதறது."

"அதுக்குத்தான் போலீஸ் ஸ்டேஷன் இருக்கே."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவன் சிரிக்க முயன்றான், உதடு ஒத்துழைக்கவில்லை. இப்போது சொல்லிவிடலாம். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுச் சொல்லலாம். அவர் சட்டையை உதறி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நான் அடிக்கடி நினைச்சுக்குவேன் மாப்ள. சில விபத்துல டிரைவருக்கு எல்லாம் தெரியும். வண்டி வழுக்குறது, எதிர்ல மரம் வர்றது, எல்லாம். அது பெரிய கொடுமை. சிலதுல பிரேக்குல கால் வைக்கக்கூட நேரம் இருக்காது. நம்ம பொண்ணு அப்படிப் போனா. யாரையும் கூப்பிடணும்னுகூட அவளுக்குத் தோணல. ஒரு நிமிஷம்கூட அவ பயப்படல. அதை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வருது."

அவன் எழுந்து குழாயைத் திறந்து முகம் கழுவினான். வெகுநேரம் கழுவினான். அவன் அழித்தது மூன்று அழைப்புகளை மட்டும் அல்ல. அவற்றை அழித்த இடத்தில் ஒரு கிழவர் படுக்கை விரித்து ஒன்பது மாதமாகத் தூங்கிவந்திருக்கிறார்.

புதன்கிழமை காலை, படம் சுவரிலேயே இருந்தது. முயல் தன் முடிவை எடுத்துவிட்டிருந்தாள். சன்னலோரம் நின்று, முழங்கை இரண்டையும் கைகளால் பிடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கேமரா மேடம் மேசை மணியை ஒரு தட்டுத் தட்டியதும் பேச்சு நின்றது. பத்து நிமிட மௌனம் தொடங்கியது.

மாமனார் ஒன்றாம் எண்ணிலிருந்து ஒழுங்காகத் தொடங்கினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படத்தின் முன்னும் ஒரே அளவு நேரம் நின்றார். நாய்க்கு ஒரு புன்னகை. பூனைக்கு ஒரு தலையசைப்பு. மூன்று. நான்கு. அவன் எதிர்ச் சுவரோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தான். ஐந்து. ஓடிப்போய் அவருக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுவிடலாம் போலிருந்தது. மயங்கி விழலாம். ஆறு.

ஏழின் முன்னால் அவர் நின்றார். மற்றவற்றுக்குக் கொடுத்த நேரம் முடிந்தது. நகரவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். குனிந்தார். பின்னால் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. ஒரு விரல் எழுந்து, கண்ணாடிச் சட்டம் இல்லாத அந்தக் காகிதத்தின் மேல், பட்டையின் கோணல் துளைக்கு நேரே வந்து, தொடாமல் நின்றது.

அவன் எப்படி அறையைக் கடந்தான் என்பது அவனுக்கே தெரியவில்லை. அவருடைய தோளுக்குப் பக்கத்தில் இருந்தான். அவர் சட்டையில் இஸ்திரியின் சூட்டு வாசனை இருந்தது.

"மூணு தடவை கூப்பிட்டா மாமா" என்றான். மௌனத்தில் அது முணுமுணுப்பாகக்கூட இல்லாமல், அறை முழுவதும் கேட்டது போல அவனுக்குப் பட்டது. "நான் கட் பண்ணேன்."

இரண்டொரு தலைகள் திரும்பின. மேடம் உதட்டில் விரல் வைத்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டார். சன்னலோரம் முயல் அவனைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். அவள் வாய் மெல்லத் திறந்தது.

மாமனார் திரும்பவில்லை. விரலும் இறங்கவில்லை.

"மணி என்ன அப்போ?" என்று படத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"பத்து அம்பது. பத்து அம்பத்தஞ்சு. பதினொண்ணு அஞ்சு."

"அப்புறம்?"

"அப்புறம் கூப்பிடல."

அவர் உதடுகள் அசைந்தன. நேரங்களைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அறைவார் என்று அவன் எதிர்பார்த்தான். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். மணி இரண்டாம் முறை தட்டப்பட்டது. முதல் ஆறு உறைகளும் வாசிக்கப்பட்டன. நாயைப் பற்றிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் இருவரும் இருந்த இடத்திலேயே நின்றார்கள்.

"ஏழு" என்றார் மேடம். உறையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார். "இதை யாரு..."

மாமனார் கையைத் தூக்கினார்.

"மாமா, வேணாம்" என்றான் அவன். "அதுல..."

"தெரியும்" என்றார் அவர். "இதுல அவ பேசறா. இல்லையா?"

உறையை வாங்கிக்கொண்டார். ஒட்டியிருந்த இடத்தைப் பிரிக்கத் தெரியாமல் பக்கவாட்டில் கிழித்தார். கிழிந்த மெல்லிய துண்டு அவர் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தாள்கள். எழுத்துக்கு அடியில் ஆட்காட்டி விரலை வைத்து, முதல் வரியை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, பஸ் நிறுத்தங்களின் பெயரைச் சொல்பவர் போல வாசித்தார். வரி முடிந்ததும் நிமிர்ந்து, எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று பின்கண்ணாடியில் பார்ப்பதைப் போல, ஒருமுறை அறை முழுவதையும் பார்த்தார். அவனையும் பார்த்தார். பிறகு விரல் இரண்டாவது வரிக்கு இறங்கியது.